மதினி சொன்ன கொலைகாரன்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் லேசில் நம்பமாட்டோம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் அம்மா செம்பைச் சாய்த்துப் பார்ப்பாள். வடகரைத் தோப்பிலிருந்து தேங்காய் வந்து இறங்கினால், அப்பா கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காயைப் பார்ப்பார். அண்ணன் வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போவான், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான். நானும் அதே வயிற்றில் பிறந்தவள்தான். அதனால் எண்பதுகளின் நடுவில் துப்பறியும் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் வர ஆரம்பித்தபோது, அதைப் பார்க்க எங்களைவிடத் தகுதியான குடும்பம் தென்காசியில் இல்லை என்றுதான் சொல்வேன்.

தகுதியில் ஒரே ஒரு குறை இருந்தது. தொடர் இந்தியில் வந்தது. எங்களுக்கு இந்தி தெரியாது.

அப்போது எங்கள் ஊருக்குப் படம் மேற்கு மலையைத் தாண்டித் திருவனந்தபுரத்திலிருந்து வரவேண்டும். மாடியில் நீளமான இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினால், காற்று இடம் கொடுத்த அளவுக்கு முகங்கள் தெரியும். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி பிறந்துவிட்டால் கணவாய் வழியாக வந்து அடிக்கிற அடியில் குழாய் தானாகவே வடக்கே திரும்பிக்கொள்ளும். எனவே ஞாயிற்றுக்கிழமை காலை தொடர் ஆரம்பிக்கிற நேரத்துக்கு அண்ணன் மாடியேறிவிடுவான். நாங்கள் கீழேயிருந்து "வந்துட்டு", "போயிட்டு" என்று கத்தக் கத்த, அவன் குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே நிற்பான். ஒன்றரை வருடம் ஓடிய தொடரில் அவன் ஒரு காட்சியைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

அவன் மனைவிதான் என் மதினி. பூர்வீகம் கடையம். ஆனால் அவள் அப்பா ரயில்வே வேலைக்காக நாகபுரிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதால் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் அங்கே. இந்தியில் பட்டம் வாங்கியிருந்தாள். கல்யாணமாகி வந்து மூன்று வருடமாகியும் அம்மாவுக்கு அவள்மேல் ஒரு கண் இருந்துகொண்டேதான் இருந்தது. குற்றம் என்று எதுவும் சொல்லிவிட முடியாது. துணி காயப்போடும்போது இந்தியில் ஏதோ முணுமுணுப்பாள். அம்மாவுக்கு அது பாட்டா, திட்டா என்று தெரியவில்லை. நாகபுரியிலிருந்து யாராவது வந்தால் நடுவீட்டில் உட்கார்ந்து இந்தியில் பேசிச் சிரிப்பார்கள். அன்றைக்கு முழுக்க அம்மாவுக்குச் சோறு இறங்காது.

"நம்மளப் பத்தித்தான் பேசுதா" என்பாள் என்னிடம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்மளப் பத்தி இல்லன்னா தமிழ்லயே பேசிருப்பாளே."



தொடர் வந்ததும் நிலைமை மாறியது. எங்கள் தெருவில் முதலில் பெட்டி வாங்கியது நாங்கள். இந்தி தெரிந்த ஒரே ஆளும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையோடு பெண்களும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்களும் எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு மதினியை உட்காரவைப்போம். திரையில் ஒருவர் பேசி வாய்மூடியதும் அவள் அதைத் தமிழில் சொல்வாள். எதிர்வீட்டு அண்ணாச்சி, மாணவராக இருந்த காலத்தில் ரயில் நிலையப் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசியவர், முதல் வரிசையில் உட்கார்ந்து, "என்னம்மா சொல்லுதான் அவன்? சீக்கிரம் சொல்லு" என்று பறப்பார்.

கதை இதுதான். மலைமேல் ஒரு பங்களா. பெரிய பணக்காரர் மாடிப்படியிலிருந்து விழுந்து செத்துக்கிடக்கிறார். விழுந்தாரா, தள்ளினார்களா? வீட்டில் இருப்பது அவருடைய மூத்த மகன், இளைய மகனின் மனைவி, ஒரு சமையல்காரர், வந்துபோகிற டாக்டர், அப்புறம் செத்தவரின் தம்பி. பிள்ளைகளுக்குச் சித்தப்பாவான இந்தத் தம்பி எப்போது பார்த்தாலும் பூஜை அறையில் மணி ஆட்டிக்கொண்டிருப்பார். இளைய மருமகள் பட்டணத்துக்காரி. தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருப்பாள். அவள் கணவன் எந்நேரமும் வெளியூரில் இருப்பான். ஏலக்காயை மென்றுகொண்டே ஒரு இன்ஸ்பெக்டர் வாராவாரம் வந்து இவர்களைக் கேள்வி கேட்டுவிட்டுப் போவார்.

அம்மா முதல் வாரமே சொல்லிவிட்டாள். "அந்த முடி வெட்டுனவதான். எழுதி வச்சுக்கோ."

தெருவும் அதையேதான் சொன்னது. வெளியிலிருந்து வந்தவள், வீட்டில் யாரோடும் ஒட்டாதவள், தனியாக நின்று யோசிக்கிறவள். வேறு யாராக இருக்க முடியும்? மணி ஆட்டுகிற சித்தப்பாவின்மேல் எல்லோருக்கும் பக்தியே வந்துவிட்டது. அவர் திரையில் வந்தால் சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மதினி சொல்கிற தமிழின்மேல் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கணக்கு இருந்தது. அரிசிக் கடையில் தராசு முள்ளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

"அவன் அம்புட்டு நேரம் பேசுனான். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. மிச்சம் எங்க?"

"அவ்வளவுதான் அத்தை. சொன்னதையே சுத்திச் சுத்திச் சொன்னார்."

இன்னொரு நாள் சமையல்காரர் ஒரே வார்த்தைதான் சொன்னார். மதினி அதை விளக்கிக்கொண்டே போனாள். "அவன் ஒண்ணுதான சொன்னான், இம்புட்டு எங்கிருந்து வருது?" என்றாள் அம்மா. மதினி சிரித்தாள். அப்போதெல்லாம் அவளால் சிரிக்க முடிந்தது.

ஏனென்றால் அந்தத் தொடரால் அவளுக்கு ஒரு நல்லது நடந்திருந்தது. பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே அவளுக்கு ஆசை. கேட்டபோதெல்லாம் அப்பா, "பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொள்வார். தொடர் பாதி ஓடியபோது அண்ணாச்சியே ஒருநாள், "எம் பேத்திக்குக் கொஞ்சம் சொல்லிக்குடேன்மா, வடக்க எங்கயாவது வேலைக்குப் போனா உதவும்" என்று கேட்டார். தார் பூசிய கை கேட்கிறது என்றால் அப்பா எப்படி மறுப்பார்? மேலவீட்டு அக்கா தன் இரண்டு பிள்ளைகளையும் அனுப்பினாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். சாயங்காலமானால் பட்டாசலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து இந்தி எழுத்துகளைக் கோடு போட்டுத் தொங்கவிடுவார்கள். மதினி முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒரு கரும்பலகை முன்னால் நிற்பாள். அந்த ஒரு மணி நேரம் அவள் எங்கள் வீட்டு மருமகள் இல்லை. அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அந்த ஆவணியில் பிள்ளைகளை முதல் பரீட்சைக்கு உட்காரவைக்க அவள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். அவர்கள் தேறிவிட்டால் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குக் கேட்கலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அத்தையிடம் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை.

கடைசி வாரம் ஆனி மாதத்தில் வந்து விழுந்தது. சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட நேரம். விடிந்ததிலிருந்து ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. பட்டாசலில் இடமில்லை. அடுப்படி வாசல்வரை ஆட்கள். அண்ணன் தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு மாடியில் நின்றான்.

இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். மதினி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சமையல்காரர் இல்லை. டாக்டர் இல்லை. மூத்த மகன் இல்லை. அண்ணாச்சி முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஆடினார். இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்து, ஏலக்காயை வாயில் போட்டு, ஒரு பக்கமாகக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு அடி அடித்தது. படம் போய்விட்டது. திரை முழுக்க வெறும் வெள்ளைப் பொரி.

குரல் மட்டும் வந்தது. பட்டாசலே "போயிட்டு, போயிட்டு" என்று மாடியைப் பார்த்துக் கத்தியது. மதினி ஒரு கையைத் தூக்கி, "சும்மா இருங்க, கேக்கணும்" என்றாள். எல்லோரும் அடங்கினார்கள். பொரிக்குள்ளேயிருந்து யாரோ அழுதார்கள், யாரோ கத்தினார்கள், ஏதோ விழுந்து உடைந்தது. மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். படம் திரும்பி வந்தபோது முடி வெட்டிய மருமகள் பெட்டியோடு போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. ஜீப் மலைப்பாதையில் இறங்கிப் போயிற்று. தொடர் முடிந்துவிட்டது.

அம்மா தொடையில் தட்டிக்கொண்டாள். "நான் சொன்னேன்ல."

மதினி கண்ணைத் திறந்து, "இல்லை அத்தை. அவ இல்லை. சித்தப்பாதான் தள்ளிவிட்டது. எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டார்" என்றாள்.

அண்ணாச்சிதான் ஆடுவதை நிறுத்திவிட்டு, "எந்தச் சித்தப்பா? மணி ஆட்டுதவரா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்பம் ஜீப்புல ஏறுனது?"

"அவ அம்மா வீட்டுக்குப் போறா. இனிமே இந்த வீட்டில இருக்க முடியாதுன்னு சொல்லிட்டா. இன்ஸ்பெக்டர் ரயில் ஏத்திவிடக் கூட்டிட்டுப் போறார்."

அம்மா எழுந்து நின்றாள். "போலீஸ் ஜீப்புல எவளாவது அம்மா வீட்டுக்குப் போவாளா?"

இதுதான் சந்தேகத்தின் முதல் விதை என்று நினைக்கிறேன். ஜீப்பில் ஏற்றினால் கைது. நாங்கள் பார்த்த அத்தனை சினிமாவிலும் அப்படித்தான். கண்ணால் பார்த்தது ஒன்று, மதினி சொன்னது இன்னொன்று. பார்க்க முடியாமல் போன இடத்தில் நடந்ததற்கு அவள் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. சில பெண்கள் சித்தப்பாவுக்காக நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு அதுதான். பெட்டி இருந்த தெருவிலெல்லாம் அதே காற்று அதே நேரத்தில் அடித்திருக்கிறது. இந்தி தெரிந்த ஆள் இல்லாத இடங்களில் அவரவர் ஒரு முடிவைச் செய்துகொண்டார்கள். கீழத்தெருவில் சமையல்காரர் என்றார்கள். செங்கோட்டைப் பக்கம் டாக்டர் என்று தீர்மானமாகிவிட்டது. அந்த வாரம் ஒரே பிணத்துக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து கொலைகாரர்கள் இருந்தார்கள். டீக்கடையில் இதற்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் கேள்வி.

எங்கள் தெருவில் சந்தேகம் கொலைகாரனோடு நிற்கவில்லை. திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் மேலவீட்டு அக்கா ஆரம்பித்தாள்.

"சரியா கை நீட்டுத நேரத்துல படம் எப்படிப் போச்சு? மாடியில நின்னது யாரு? அவ புருசன்தான?"

அண்ணன் மாடியில் மழையில் நனைந்து நடுங்கியது எனக்குத் தெரியும். இருந்தாலும், அவனும் மதினியும் சேர்ந்து செய்திருக்கலாமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. எதற்காகச் செய்யவேண்டும் என்று யோசித்தால் பதில் இல்லை. எங்கள் குடும்பத்துக்குப் பதில் தேவையில்லை, நினைப்பு வந்தால் போதும்.

அம்மாவோ எதற்காக என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "இவளும் வெளியூர்ல இருந்து வந்தவதான. அவளுக்குப் பரிஞ்சு மாத்திச் சொல்லுதா."

அன்று சாயங்காலம் டியூஷனுக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்றே, "பேத்திக்குச் சளிம்மா" என்றார். இன்னொரு வீட்டிலும் சளி, அதற்கடுத்த வீட்டிலும் சளி. சாரல் நேரம்தான், நம்பலாம். ஆனால் சளிப் பிடித்த பிள்ளைகள் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை மேலவீட்டு அக்கா மழுப்பாமல் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. அவ சொல்லிக்குடுக்குதது நெசமான இந்திதானான்னு நமக்கு என்ன தெரியும்? கதையையே மாத்துதவ எழுத்தை மாத்த மாட்டாளா?"

மதினி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பரீட்சைக்குப் பேர் கொடுக்க அந்த வாரம்தான் கடைசி.

"ஒருத்தர், ஒரே ஒருத்தர் இந்தி தெரிஞ்சவங்க வந்து சொன்னாப் போதும்" என்றாள் என்னிடம்.

அண்ணாச்சிக்கும் அதே எண்ணம்தான். அவர் நேர்மையான மனிதர், சந்தேகத்தை விசாரிக்காமல் விடமாட்டார். புதன்கிழமை பஸ் ஏறிப் புளியறைக்குப் போனார். அங்கே கேரள எல்லைச் செக்போஸ்டில் வடநாட்டு லாரிகள் நிற்கும். தலைப்பாகை கட்டிய ஒரு டிரைவரைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, அரைகுறை இந்தி பேசும் செக்போஸ்ட் ஆள் ஒருவர் உதவியோடு விசாரித்திருக்கிறார். டிரைவர் சிரித்துவிட்டாராம். வருடத்தில் பாதி நாள் ரோட்டில் இருக்கிறவன் எங்கே போய் டிவி பார்ப்பான்? அடுத்து, கடையத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவரைப் பார்த்தார். அவருக்கு இந்தி நன்றாகத் தெரியும் என்று பேர். விசாரித்ததில் ரொட்டி, வண்டி, ஓடு, நில் என்ற அளவுக்குத்தான் தெரியும் என்று ஆயிற்று. அண்ணாச்சி அலைந்து களைத்துத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா, "குத்தாலத்துக்குக் கிளம்புங்க" என்றாள்.

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு எந்த ஊர்க்காரர்தான் வரவில்லை? அங்கே இந்தி பேசுகிறவர்கள் இல்லாமலா போய்விடுவார்கள்? இதுதான் அம்மாவின் திட்டம். மதினியையும் அழைத்துக்கொண்டாள். குற்றவாளி பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. மதினி சந்தோஷமாகத்தான் வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்குத் தீர்ந்திடும் பாரு" என்றாள்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நாங்கள் குளிக்கவே இல்லை. அம்மா ஒரு பாறையோரம் நின்றுகொண்டு, குளித்து ஏறுகிற ஒவ்வொருத்தியையும் மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையை முன்பக்கமாகப் போட்டிருந்த, சிவந்த, பெருத்த ஒரு பெண் தன் மகளை இந்தியில் அதட்டிக்கொண்டு வந்தாள். அம்மா என் இடுப்பில் இடித்தாள்.

"இவதான். வா."

மதினி முன்னால் நகர்ந்தாள். அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "நீ கேக்காத. நானே கேக்கேன்."

அம்மா அந்தப் பெண்ணை வழிமறித்து நின்றாள். சத்தமாகச் சொன்னால் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையில், "டிவி" என்று அருவியைவிட உரக்கச் சொன்னாள். கையால் ஒரு பெட்டி போட்டுக் காட்டினாள். அப்புறம் யாரையோ தள்ளிவிடுவதுபோல இரண்டு கையாலும் தள்ளினாள். கண்ணைச் செருகி நாக்கைத் தொங்கவிட்டாள். "யாரு? யாரு?" என்று விரலை ஆட்டினாள். வழுக்குப் பாறையில் முன்பின் தெரியாத ஒருத்தி இப்படித் தள்ளிக் காட்டினால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? அந்தப் பெண் மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பின்வாங்கினாள். வாட்ச்மேன் எங்கே என்று தேடவும் ஆரம்பித்தாள்.

வேறு வழியில்லை. அம்மா மதினியைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது என்று நினைக்கிறேன். சாட்சி கிடைத்துவிட்டாள். அவளை விசாரிக்கத் தெரிந்தவள் எங்களிடம் ஒரே ஒருத்திதான், அவளைப் பற்றித்தான் விசாரணையே.

மதினி மெதுவாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. நாகபுரியிலிருந்து ஆள் வந்தால் மட்டும் பேசக் கிடைத்த மொழியை மதினி பேசப்பேச, அவள் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தொடரைப் பார்த்திருக்கிறாள். ஒரு வாரம்கூட விடவில்லையாம். அப்புறம் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அம்மா ஈரமான முந்தானையைப் பிழிந்துகொண்டே மதினியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். அவள் நெற்றியில் ஒரு விரலால் பொட்டு இழுத்தாள். கையைத் தூக்கி மணி ஆட்டினாள். பிறகு இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து விலங்கு மாட்டியதுபோலக் காட்டினாள்.

மதினி எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "அவங்களும் அதையேதான் சொல்றாங்க அத்தை. சித்தப்பாதான்."

அம்மா அவளையே பார்த்தாள். "அவ அம்புட்டு நேரம் பேசுனா. நீ ஒரு வரியில முடிச்சிட்ட."

மதினியின் சிரிப்பு அப்படியே நின்றது.

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். பிறகு மதினியின் கன்னத்தை ஈரக்கையால் தொட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். நாலைந்து வார்த்தை இருக்கும். மதினிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் மகளை அழைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

"என்னத்தச் சொன்னா?" என்றாள் அம்மா.

"அது எனக்குச் சொன்னது அத்தை."

"அதுக்கு ஏன் அழுத?"

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் நான் அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "அவ மணி ஆட்டிக் காட்டுனாம்மா. நான் என் கண்ணால பாத்தேன். கையில விலங்கு மாட்டிக் காட்டுனா."

"குளிச்சு ஏறுனா எல்லாரும்தான் சாமி கும்பிடுவாக" என்றாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பஸ் என்றுகூடப் பார்க்காமல், "அப்பம் நீ யார் சொன்னாத்தான் நம்புவ?" என்று கேட்டேன். அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு நான் மதினியோடு சேர்ந்துவிட்டேன் என்ற சந்தேகம் அன்றே வந்துவிட்டது. பின்னால் அது பல வருடம் நீடித்தது.

தெருவில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பொய் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடிதான் சொன்னாள். "ஒரு வடக்கத்திக்காரி கிடைச்சா. பேசுனா. ஆனா அவ பேசுனத நமக்குச் சொன்னது இவதான?" அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசித்தார். நியாயமாகத்தான் யோசித்தார் போல. "ஆமா, அது ஒரு சிக்கல்தான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் அன்று வீட்டில் பெரிய சண்டை போட்டான். மாடியில் நின்று மழையில் நனைந்தவன்மேலேயே பழி போட்டார்களே என்ற கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. இனிமேல் எவனாவது போய்க் குழாயைப் பிடிக்கட்டும் என்றான். அம்மாவும் கத்தினாள். அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டார். மதினி மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவள் பட்டாசலில் இருந்த கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். கடைசியாக மிஞ்சியிருந்த இரண்டு பிள்ளைகள் சாயங்காலம் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். ஒருத்தி ஏன் என்று கேட்டாள். "பரீட்சைக்குப் பேர் கொடுக்கிற நாள் முடிஞ்சிட்டுது" என்றாள் மதினி. அது உண்மைதான், அன்றுதான் கடைசி நாள். அருவிக்கரையில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை. அவள் என்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டது அந்த ஒன்றுதான். எனக்கு இன்றுவரை அது குறுகுறுக்கிறது.

ஆடி கழிந்து ஆவணியில் புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்தது. இதுவும் கொலைதான், இதுவும் இந்திதான். சாரல் குறைந்து காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அண்ணாச்சி வந்தார். குழாயடியில் அத்தனை பேசிய மேலவீட்டு அக்காவும், ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து உட்கார்ந்தாள். கதை கேட்கிற ஆசை யாரை விட்டது? பெட்டிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டதும் அம்மாதான்.

மதினி பலகையில் உட்காரவில்லை. பின்னால் அடுப்படி வாசலருகே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். படம் தெளிவாக வந்தது. ஒரு கல்யாண வீடு, ஒரு கிழவர், யாரோ ஒருத்தி கடிதத்தைப் படித்துவிட்டு மயங்கி விழுகிறாள். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பட்டாசலில் ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை, மதினியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்தால் சிரிக்கவேண்டிய இடம், அவள் திடுக்கிட்டால் திடுக்கிடவேண்டிய இடம் என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம் அல்லவா? மதினிக்கு அது தெரிந்துவிட்டது. தலையைத் தூக்காமல், உதட்டைக்கூட அசைக்காமல், முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டாள். அரிசியில் கல் இல்லை. இருந்தும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவால் பொறுக்கமுடியவில்லை. "என்னட்டி சொல்லுதா அவ? ஏன் மயங்குதா?"

மதினி நிமிர்ந்து அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"தெரியலையே அத்தை. எனக்கு இந்தி மறந்துபோச்சு."

எங்கள் வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் பொய் அதுதான். அம்மா அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, "பாவம், புழக்கத்துல இல்லல்லா, மறந்துட்டா" என்று சொன்னாள். மதினி சொன்னதில் எங்கள் வீடு கேள்வி கேட்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான்.